கயிறு பிடித்த கை

டிசம்பர் 3, செவ்வாய்

இந்திராணி கொடுத்து அனுப்பிய டைரி இது. "டவர் இல்லாத ஊருக்குப் போறீங்க. போன்ல கத்தறத எல்லாம் இதுல எழுதிட்டு வாங்க, நான் நிதானமாப் படிச்சுக்கறேன்" என்றாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு என்னைப் பற்றி இவ்வளவுதான் அபிப்பிராயம்.

எழுதுகிறவன் நாச்சிமுத்து. பொள்ளாச்சியில் பந்தல் கான்ட்ராக்ட். அதோடு டெரிடோரியல் ஆர்மியில் ஹவில்தார். வருஷத்தில் இரண்டு மாதம் பட்டாளம், மீதி நாள் எல்லாம் பிழைப்பு. இந்தத் தடவை இரண்டும் ஒன்றாக வந்து மாட்டிக்கொண்டன. கார்த்திகை முகூர்த்தத்துக்கு மூன்று பந்தல் ஒப்புக்கொண்டிருக்கிறேன். புயல் கரையைக் கடந்த மறுநாளே சீருடையோடு வந்து சேர் என்று உத்தரவு. பந்தல் மூன்றும் மச்சான் கையில். நிற்கிறதோ விழுகிறதோ, நான் அதைப் பற்றி நினைக்கப்போவதில்லை.

வண்டி ஏறும் முன் ஆட்களை நிற்க வைத்துச் சொன்னேன். போகிற ஊர் மணல்மேட்டுத்துறை. மீன்பிடிக் குப்பம். அந்த ஊரில் யாருக்காவது வீடோ சொந்தமோ இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு பக்கம் மாற்றிவிடுகிறேன். பிறகு தெரிய வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். நிவாரணம் கொண்டுபோகிற இடத்தில் தன் வீடு என்று ஒன்று இருக்கக்கூடாது. இது நானே வைத்திருக்கிற சட்டம், இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

யாரும் வாய் திறக்கவில்லை. மதியழகன் என்பவன் மட்டும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். கோவையில் பம்ப் கம்பெனி ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறவன். நல்ல உழைப்பாளி, பேச்சுத்தான் கிடையாது.

டிசம்பர் 4, புதன்

வேதனை. தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. உப்பளம் வரை ட்ரக் போனது. அதற்கப்பால் வாய்க்கால். நல்ல அகலம், ஆழமும் உண்டு. பாலம் நடுவில் உடைந்து போயிருக்கிறது. எதிர்க்கரையில் ஊர், ஜனம் எல்லாம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுபேதார் தேவசகாயம் நாகர்கோவில்காரர். ஊரில் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், இங்கேயும் அப்படித்தான். "வீடு வீடா கொண்டு குடுக்கணும், கேட்டீரா? ஒவ்வொரு வாசல்லயும்" என்று சொல்லிவிட்டு, பத்துப் பேரை என்னிடம் விட்டு அடுத்த ஊருக்குப் போனார். படகு நாளை மறுநாள் வருமாம்.

நாளை மறுநாள் வரை சும்மா நிற்க நான் என்ன பொம்மையா? விழுந்து கிடந்த சவுக்குக் கம்பு, உப்பளத்துக் காலி டிரம், நம் கையில் கட்டுக் கயிறு. பந்தல்காரனுக்கு வேறென்ன வேண்டும். பொழுது சாய்வதற்குள் தெப்பம் மிதந்தது. இரண்டு கரையிலும் கயிறு, நாலு பேர் இழுத்தால் பத்து மூட்டை போகும். நான் கட்டினால் கட்டினதுதான்.

டிசம்பர் 5, வியாழன்

முதல் லோடு அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய், பால் பவுடர். நான் ஊர்ப் பக்கம். மதியழகனும் இன்னும் நாலு பேரும் உப்பளப் பக்கம். செத்த ஆடுகளின் நாற்றம் தாங்காமல் எல்லோரும் முகத்தில் துணி கட்டியிருந்தோம்.

ஊர்த் தலைவர் நாட்டார் வைத்திலிங்கம் கரைக்கே வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். அவருடைய படகு இரண்டாகப் பிளந்து கோயில் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மூட்டைய எல்லாம் மாரியம்மன் கோயில் மணல்ல எறக்குங்க. நாங்க பங்கு வச்சுக்குறோம்" என்றார்.

இந்த மாதிரி ஒழுங்கை நான் பட்டாளத்தில்கூடப் பார்த்ததில்லை. மணலில் வரிசையாகக் குவியல் குவியலாகப் பங்கு. ஒருவர் பெயர் கூப்பிடுகிறார், அந்த வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போகிறார். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. தலைக்கட்டு என்கிறார்கள். ஊருக்கு வரி கட்டுகிற வீடு ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. சுபேதார் வீடு வீடாக என்றார். சுவரே இல்லாத இடத்தில் வாசலை எங்கே தேடுவது? மொத்தத்தையும் நாட்டாரிடம் ஒப்படைத்துவிட்டேன். அரை நாள் வேலை மிச்சம். இந்த யோசனைக்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கரையில் ஓர் அம்மாள் எங்களுக்குப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தது. பெயர் பூங்காவனம். கருவாடு விற்கிற அம்மாள், என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். மூன்று கல், ஒரு சட்டி, ஈர விறகு. பாயசம் மாதிரி இனிப்பு. "ஒழைக்கிற புள்ளைங்க, இனிப்பா குடிக்கட்டும்" என்றது. பிறகு, "அந்தக் கரையில நிக்கிறவங்களுக்கும் தெப்பத்துல வச்சு அனுப்புங்க தம்பி. ஆறிப்போறதுக்குள்ள" என்றது.

டிசம்பர் 6, வெள்ளி

மழை. வருவதாகச் சொன்ன படகு வரவில்லை. இரண்டு நடைதான் தெப்பம் போனது. சாயா வந்தது. கால் வழுக்கி விழுந்தேன், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 7, சனி

உச்சிவெயிலில் ட்ரக்குக்காகக் காத்திருந்த நேரம். புயலுக்குத் தப்பிய ஒரே பெரிய வலையை ஊர்க்காரர்கள் கரையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா வேடிக்கை பார்க்க என்னால் முடியுமா? நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். மீன் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நாட்டார் ஒரு கை மத்தி மீனைப் பனையோலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, நான் வெளையாட்டுக்குப் புடிச்சனுங்க" என்றேன்.

"வெளையாட்டோ வினையோ, கயிறு பிடிச்ச கைக்குப் பங்கு இல்லாம போவாது. அது இந்த ஊருல கெடையாது."

மறுத்தால் அவமரியாதை. வாங்கிப் பூங்காவனம் அக்காவிடம் கொடுத்தேன். வறுத்துத் தந்தது. எல்லோருக்கும் ஆளுக்கொரு மீன். இரண்டு மீனைத் தனியாக இலையில் மடித்து, "அந்தக் கரையில கடைசியா ஒசரமா ஒரு புள்ள நிக்குதே, அதுக்கு" என்றது. மதியழகனைத்தான் சொன்னது. பொம்பளைக்கு அவன்மேல் என்னவோ கரிசனம். "நெட்டையனுக்குத்தான் ரெண்டு மீனா, எங்களையெல்லாம் பாத்தா மனுசனாத் தெரியலீங்ளா" என்று கேலி பண்ணினேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அவன் தன் டம்ளரைக் கழுவித் துடைத்துத் தெப்பத்தில் திருப்பி அனுப்புகிறான். டம்ளர் கழுவுகிற சிப்பாயை இப்போதுதான் பார்க்கிறேன். இடத்தை மாற்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் வா என்று கத்தினால், "இந்தப் பக்கந்தாங்க கனம் அதிகம், நானே நிக்கிறேன்" என்கிறான். மூன்று நாளாக இதே பதில். ஊருக்குள் மூட்டை சுமக்க வலிக்கிறது போல என்று நன்றாகத் திட்டினேன்.

சாயாவில் இனிப்பு இரண்டு நாளாகக் குறைகிறது. கவனித்துச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் சாயாவில் சர்க்கரையே இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏனுங்கக்கா, சக்கரை போட மறந்துட்டீங்ளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "நாளைக்குப் போடுறேன் தம்பி" என்று சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தார்ப்பாய்கள் வந்தன. தலைக்கட்டுக்கு ஒன்று, நாட்டார் வழக்கம்போலப் பங்கு வைத்தார். இது என் தொழில். காற்று எந்தப் பக்கம் வரும், முடிச்சு எங்கே விழ வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கட்டிக் காட்டினேன். வீடு வீடாக. சுபேதார் சொன்னதை ஐந்தாம் நாள் செய்கிறேன்.

கடைசி வீடு சவுக்குத் தோப்பை ஒட்டி. கூரை மொத்தமும் போயிருந்தது. இரண்டு சுவருக்கு நடுவில் பழைய பாயைக் கட்டி, அதற்குக் கீழே பூங்காவனம் அக்கா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சர்க்கரை டப்பா, கவிழ்த்து வைத்திருந்தது.

"தார்ப்பாய் எங்கீங்கக்கா? எடுத்தாங்க, கட்டித் தாரேன்."

"நமக்கு இல்ல தம்பி."

"இல்லீங்கன்னா? நாலு நாளா இறக்குன அரிசி, பருப்பு?"

"எங்க ஊட்டுக்காரர் இருந்தவரைக்கும் தலைக்கட்டு இருந்துச்சு. ஆம்பள இல்லாத ஊட்டுக்கு வரி இல்ல. வரி இல்லாத ஊட்டுக்குப் பங்கு இல்ல. இது புதுசா வந்தது இல்லங்க."

இந்த ஊரிலேயே ஒன்றும் கிடைக்காத வீட்டுச் சர்க்கரையைத்தான் நாங்கள் பதினோரு பேர் நாலு நாளாகக் குடித்திருக்கிறோம். அதிலும் நான் குறை வேறு சொன்னேன்.

"ஆம்பளப் புள்ள இல்லீங்ளா?"

"இருக்கான். வேலையா இருக்கான்" என்றது. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தது.

நான் மந்தபுத்திக்காரன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தெப்பத்தில் ஏறி உப்பளப் பக்கம் போனேன். மதியழகனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க உங்கம்மாவாடா?" என்றேன். அவன் முகத்துத் துணியை அவிழ்க்காமலே தலையாட்டினான்.

"ஏன்டா அன்னிக்குச் சொல்லல?"

"சொன்னா வேற பக்கம் மாத்திருப்பீங்க. அம்மா உசுரோட இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க அப்ப. மூணு நாளா போன் போவல. இந்தக் கரையில வந்து நின்ன பொறவுதான், அடுப்பு மூட்டுறதப் பாத்தேன்."

"போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"ஊருக்குள்ள போனா அடையாளம் தெரிஞ்சுரும். அம்மாவுக்காகப் பட்டாளத்தக் கூட்டியாந்தான்னு பேசுவாங்க. அப்பா போன பொறவு நான் கடலுக்குப் போவல, வரி கட்டல. நாட்டார்கிட்ட வாய்ச்சண்டை போட்டுட்டுத்தான் ஊரவிட்டே போனேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்போதே போய் அத்தனை மூட்டையையும் திரும்ப வாங்கி, முதல் பங்கை அந்த வாசலில் நானே வைக்கிறேன் என்று கிளம்பினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஹவில்தார் கையைச் சிப்பாய் பிடிக்கிற வழக்கம் இல்லை.

"நீங்க நாளான்னைக்குப் போயிருவீங்க. எங்கம்மா இங்கதான் இருக்கணும். குடுத்தா ஊரு குடுக்கணுங்க. நீங்க குடுத்தா அது அவங்களுக்கு வேண்டாம்."

சரியாகத்தான் சொன்னான். திரும்பி வந்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

நான் ஒரு முடிச்சைப் போட்டால் அவிழ்க்கவும் எனக்குத் தெரியும்.

காலை லோடு மணலில் இறங்கியது. குவியல் வைத்து முடிக்கிற நேரம் பார்த்துக் கோயில் முன்னால் போய் நின்றேன். ஊர் ஆட்கள் எல்லாம் இருந்தார்கள்.

"நாட்டாரே, ஒரு பங்கு கொறையுதுங்க."

"கொறையாதே. எண்ணித்தான் வச்சிருக்கு."

"கயிறு புடிச்ச கைக்குப் பங்கு உண்டுன்னு சொன்னீங்ளே. அந்தக் கரையில அஞ்சு நாளாக் கயிறு புடிச்ச ஒருத்தன் இருக்கறானுங்க. இந்த ஊர்க்காரன். அவன் பங்கு எங்கீங்க?"

நாட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது வலைக்குச் சொன்னது. கடல்ல வந்தது மீனு. இது அரிசி."

"தண்ணியத் தாண்டிக் கயித்துல வந்துதுங்ளா இல்லீங்ளா?"

யாரோ சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை. "இழுத்தவன் பட்டாளத்தான்னா அவனுக்குச் சம்பளம் இருக்கு."

"எனக்குந்தானுங்க சம்பளம் இருக்குது. அன்னிக்கு எனக்கு மீன் குடுத்தீங்ளே."

அவர் மணலில் இருந்த குவியல்களைப் பார்த்தார். கோபம் இல்லை, யோசனைதான். தன் ஊர் வழக்கத்தைத் தானே தட்டிக் கழிக்கிற மனுஷன் இல்லை அவர். அதை நம்பித்தான் நான் வந்திருந்தேன். "பங்கு கேக்குறவன் வந்து நிக்கணும். ஆளு வச்சுப் பங்கு வாங்குற வழக்கம் இங்க இல்ல" என்றார்.

கூப்பிட்டால் வா என்று மதியழகனிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். கையசைத்தேன். தெப்பம் வந்தது. அதில் மதியழகன் மட்டும் நின்றிருந்தான். கரையில் பூட்ஸைக் கழற்றி வைத்தான். கோயில் மணலுக்கு வந்ததும் முகத்துத் துணியை அவிழ்த்தான். "பூங்காவனத்து மவன்டா" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவன் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துப் புண்ணாகி இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை, படவா.

"கலியபெருமாள் மவன் மதியழகன். அஞ்சு நாளு கயிறு பிடிச்சேன். பங்கு வேணும். எனக்கு வேண்டாம், என் வீட்டுக்கு வேணும்" என்றான்.

நாட்டார் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு என்னை என்ன பேசுன, ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"எனக்கும் இருக்கு." திரும்பி, "இன்னொரு குவியல் வைங்கடா" என்றார்.

வைத்தார்கள். பெயர் கூப்பிடுகிறவர் கூப்பிட வாயெடுத்து நின்றுவிட்டார். யார் பெயரைச் சொல்வது? கலியபெருமாள் இல்லை. மகன் ஊரில் குடியில்லை. அவர் நாட்டாரைப் பார்த்தார். நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு தானே கூப்பிட்டார்.

"பூங்காவனம் வீடு."

யாரும் வரவில்லை. அந்த அம்மாள் கரையில் சாயாச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. அந்த மணலில் பெண்பிள்ளை பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லையாம். நாட்டார் இரண்டாவது தடவை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். பிறகுதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. மகனைத் தாண்டி நடந்தது, அவனைப் பார்க்கவில்லை. குனிந்து தன் பங்கை மடியில் கட்டி எடுத்தது. அரிசியை மட்டும் தூக்க முடியவில்லை. மதியழகன் ஓர் அடி முன்னால் வைத்தான். ஊரே தூக்கட்டும் என்று நான் ஒரு பார்வை பார்த்தேன், நின்றுவிட்டான். நாட்டாரே ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்திராணி, நீ இதைப் படித்துச் சிரித்தாலும் பரவாயில்லை.

"தார்ப்பாய் மீதி இல்ல" என்றார் நாட்டார் என்னிடம். "என் படகு மூடி வைக்குறது ஒண்ணு இருக்கு. படகே இல்ல, மூடிய வச்சு என்ன பண்ணப்போறேன். எடுத்துக்கிட்டுப் போயி அந்த வீட்டுக்குக் கட்டுங்க."

மத்தியானம் கட்டினேன். பெண் வீட்டார் பந்தலுக்குப் போடுகிற, லேசில் அவிழாத முடிச்சு. மதியழகன் தன் வீட்டுக்கு வேலை செய்யக்கூடாது என்பது என் சட்டம். ஆனால் கீழே நின்று கயிறு பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். கயிறு பிடிப்பதில் அவன் கைதேர்ந்தவனாயிற்றே.

சாயங்காலம் சுபேதார் வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "வீடு வீடா குடுக்கச் சொன்னேன்லா?" என்றார். ஆமாம் என்றேன், தப்பு என்னுடையது என்றேன். "அந்தப் பயல என்ன செய்யப்போறீரு? உம்ம சட்டம், நீரே சொல்லும்."

"திருப்பி அனுப்பறேன் சார். ஆனா இன்னிக்கு முடியாதுங்க. தெப்பம் ரிப்பேர்."

தெப்பம் எங்கள் கண் முன்னால் மூட்டையோடு வந்துகொண்டிருந்தது. சுபேதார் அதை நன்றாகப் பார்த்தார். "செரி, நாளைக்குக் காலையில ரிப்பேர் சரியாயிரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 10, செவ்வாய்

விடிகாலை நல்ல காற்று. முதல் வேலையாகக் கடைசி வீட்டைப் போய்ப் பார்த்தேன். அசையவில்லை. பொள்ளாச்சிப் பந்தல் மூன்றும் நின்றதா என்று தெரியாது. இது நின்றது.

மதியழகன் மூட்டை கட்டிக்கொண்டு தெப்பத்துக்கு வந்தான். முகத்தில் துணி இல்லை. ஊர்க்காரர்கள் சிலர் அவனிடம் இரண்டு வார்த்தை பேசினார்கள். வரியைப் பற்றி நாட்டார் என்னவோ சொன்னார், அவன் சரி என்றான். பொங்கலுக்கு வருவானாம்.

பூங்காவனம் அக்கா சாயாச் சட்டியோடு வந்தது. வரிசையில் நான்தான் முதலில் நிற்பேன், அதுதான் வழக்கம். கையை நீட்டினேன். டம்ளர் என்னைத் தாண்டிப் போனது.

"குடி. ஆறிப்போவுது" என்றது அவனிடம். அவன் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றது. டம்ளரை அவன் கழுவக் குனிந்தபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

எனக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது. தொண்டை கரகரக்கிற அளவு சர்க்கரை. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.